படகு வீடு: வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு

இங்கிலாந்துக் கால்வாய்களில் படகிலேயே குடியிருக்க நினைப்பவர்களுக்கு என் ஓட்டு நேரோபோட் எனும் ஒடுங்கிய, நீளமான ஸ்டீல் படகுக்குத்தான்.

அதற்காகப் பராமரிப்பு மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி, பாசியையும் துருவையும் சுரண்டிக் கழுவி, அடிப்பகுதிக்குத் தார் பூச வேண்டும். பழைய படகென்றால் இன்சூரன்ஸ்காரர்கள் தகட்டின் தடிமன் அறிக்கை கேட்பார்கள். 6 மில்லிமீட்டர் பக்கத் தகடு 4-க்குக் கீழே தேய்ந்திருந்தால் அதன்மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங். பர்ஸ் காலியாவது அங்கேதான்.

பக்கத்துப் படகுக்காரர் வைத்திருப்பது ஃபைபர் கிளாஸ். துரு கிடையாது, விலையும் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் உள்சுவரெல்லாம் வியர்த்து வழியும்; மிச்சம் பிடித்த காசை ஹீட்டருக்கு டீசலாக ஊற்றுகிறார், பாவம். அகலப் படகா? இடம் தாராளம், உரிமக் கட்டணமும் தாராளம். படகை ஏற்றி இறக்கும் 7 அடி அகல லாக் மதகுகளில் நுழையவும் முடியாது.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லோருக்கும் பொது. படகைக் கட்ட நிலையான இடம் எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மிச்சம் என்ற கணக்கும் இப்போது உதைக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து அதற்கும் கூடுதல் கட்டணம். லண்டனில் மூரிங், அதாவது படகு கட்டும் இடத்தின் வாடகையைக் கேட்டால் அந்தக் கூடுதல் கட்டணமே பரவாயில்லை எனத் தோன்றும்.