ஹிஸ்டரி பேனலா, கோடு போட்ட நோட்டா?

நெல்லை குறுக்குத்துறையில் விடியற்காலம் எடுத்த தாமிரபரணிப் படம். தண்ணீரின் நீலத்தைக் குறைத்து, கல்மண்டபத்து இருட்டைத் தூக்கியதும் அருமையாக வந்தது. மறுநாள் ஃபோட்டோஷாப்பில் திறந்தால், செய்த திருத்தங்களை வரிசையாகப் பட்டியலிடும் ஹிஸ்டரி பேனலில் முந்தைய படி ஒன்றுகூட இல்லை. கோப்பை மூடினாலே அந்தப் பட்டியல் போய்விடும். திறந்திருக்கும்போதும் நாம் மாற்றாதவரை கடைசி 50 படிகள்தான். பிரஷ்ஷின் ஒவ்வொரு தீற்றலும் ஒரு படி.

கை தவறினால் சட்டென்று பின்னே போக பேனல்தான் வசதி. ஆனால் கற்றுக்கொள்ள எனக்கு நோட்டுதான். பேனல் ‘கர்வ்ஸ்’ (வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கருவி) என்று பெயரோடு நிறுத்திக்கொள்ளும். நோட்டில் “ஷேடோஸ் +35, படித்துறை தெரிய” என்று, இருட்டை எவ்வளவு தூக்கினேன் என்ற எண்ணோடு காரணமும் இருக்கும். எழுதச் சோம்பல் வரும், சரி. அதனால் எண் உள்ளவற்றை மட்டும் குறிக்கிறேன். அப்புறம் ஆனித் தேரோட்டப் படங்கள் நாற்பதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான்.