ஏர் எடுக்க இடம் விடாத நல்ல எஞ்சின்

என் படகில் இருக்கும் அதே நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் விலை இறங்கியிருப்பதால் வாங்கலாமா என்று மொரீஷியஸின் கிராண்ட் கோபில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். துரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் என் படகில் அது பல பருவங்களாக உழைக்கிறது. இழுவையிலும் எண்ணெய்ச் செலவிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் எஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய கையோடு எழுதுவதால், ஏர் எடுக்கும் வேலையை, அதாவது குளிர்விப்புத் திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூடிய குளிர்விப்பின் அருமையை நான் மறுக்கவில்லை. கடல்நீர் வெப்பப் பரிமாற்றியின் குழாய்களோடு நின்றுவிடுகிறது. சிலிண்டர்களைச் சுற்றி ஓடுவது கூலண்ட் எனும் குளிர்விப்புத் திரவம் மட்டுமே. ஆழமில்லாத நம் கடற்கழியில் மணலை உறிஞ்சித் தேய்வது கடல்நீர் பம்பின் சுழலியான இம்பெல்லர்தான்; எஞ்சினின் உட்புறம் இன்றும் துருவில்லாமல் இருக்கிறது. மொரீஷியஸில் நீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள், அதில் துருத்தடுப்பு மருந்து இருப்பதையும், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் அழுத்தமில்லாமலே ஏறத்தாழ 107 டிகிரி வரை அது கொதிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என் கோபமெல்லாம் காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் திருகு இருக்கும் இடத்தின் மீதுதான். விசிறியைச் சுழற்றும் தண்டின் சாய்வுக்கு ஏற்ப எஞ்சினும் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், உள்ளே சிக்கிய காற்று முன்பக்கத்தில் உயரமாக உள்ள தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் அடைப்பான்) கூட்டில் போய்த் தங்குகிறது. திருகும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில். குமிழியைப் பார்க்க வழியில்லாமல், திருகைத் தளர்த்தி விரலை வைத்து, விட்டு விட்டு வரும் காற்று நின்று பச்சைக் கூலண்ட் மணிக்கட்டு வழியே சீராக வழியும்வரை தடவிப் பார்த்தே மூட வேண்டும்.

இதில் அசட்டை கூடாது. வெப்பமானியின் முனை காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் முள் தாழ்ந்தே நிற்கும். அதே நேரத்தில் சிலிண்டர் தலை வெந்துகொண்டிருக்கும். சென்ற முறை ஒரு பட்டறையில் திருகைத் தொடாமலே கூலண்டை மளமளவென்று ஊற்றி, மூடியை அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். தீவுக்குப் போகும் வழியில் முள் சரசரவென ஏறித் திடீரென விழுந்தது. மறுநாள் காலை கூலண்ட் தொட்டியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்தது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, படகு நீரில் மிதக்கும் நிலையில், ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே நிதானமாக ஊற்ற வேண்டும். திருகை மூடியபின், தொட்டியின் மூடியைத் திறந்தே வைத்து மெதுவான வேகத்தில் ஓடவிட்டால், மேல் ஹோஸ் சூடாகும் கணத்தில் தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென இறங்கும். அதை நிரப்பி மூடிவிட்டு, முழுவதும் ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டும். சூடான எஞ்சினின் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும்.

இவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தும், வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதியிருக்கிறேன். அவருடைய படகில் எஞ்சின் அறை என்னுடையதைவிடக் குறுகலானது. ஆல்டர்னேட்டரைக் கழற்றாமல் அந்தத் திருகுக்குக் கை போகாது.