நூலா, லேசரா? பேஸ்மென்ட் சுவரை மூலைமட்டமாக நிறுத்தும் வழிகள்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள், கடன் கட்டிக் கொஞ்சம் மூச்சு விட்டதும் கைவைப்பது பேஸ்மென்டில்தான். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு விளையாட இடம், முடிந்தால் வாடகைக்கு ஒரு பகுதி. நோக்கம் எதுவானாலும் முதல் வேலை ஒன்றே: கொங்கிரீட் சுவருக்கு உட்பக்கமாக மரக்கட்டையிலோ தகரச் சட்டத்திலோ இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். அங்கேதான் வாக்குவாதம் தொடங்கும். "கொங்கிரீட்டை ஒட்டியே கட்டையைப் போட்டுக்கொண்டு போ" என்பார் ஒருவர். "3-4-5 பிடித்து மூலைமட்டம் பார்" என்பார் ஊரில் மேசன் வேலை பார்த்த சித்தப்பா. "லேசர் ஒன்று வாங்கினால் விஷயம் முடிந்தது" என்பான் மருமகன். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் சொல்வதில் மிகக் கொஞ்சம்.

கொங்கிரீட்டை ஒட்டியா, தனிக் கோடா

அந்த ஒருவர் முதலாமவர்தான். அத்திவாரச் சுவர் என்பது அச்சுப் பலகைக்குள் கொங்கிரீட் ஊற்றி எடுத்தது. ஊற்றும் பாரத்தில் பலகை பிதுங்கும், இரண்டு பலகை சந்திக்கும் இடத்தில் படி விழும். நீளமான சுவரில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் உள்ளே வெளியே போவது சாதாரணம். மூலைகள் சரியாக 90 பாகையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வீட்டைத் தாங்குவதற்கு அது போதும், அதனால் யாரும் கவலைப்பட்டதில்லை. அதை ஒட்டியே கட்டையைப் போட்டால் அந்த வளைவெல்லாம் அப்படியே, கட்டையின்மேல் அடிக்கும் ஜிப்சம் பலகையான ட்ரைவோலுக்கு வந்துவிடும். போதாததற்கு, ஈரம் கசியும் கொங்கிரீட்டில் மரம் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒட்டிக் கட்டுவதற்குச் சொல்லும் ஒரே காரணம் இடம் மிச்சம். கணக்குப் பார்த்தால் அது பெரிதாக இல்லை. நேராக்குவதால் இழப்பது, கொங்கிரீட் வெளிப்பக்கம் வளைந்த இடங்களில் ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட இடைவெளி. அதுவும் இன்சுலேஷனுக்குப் பயன்படும் இடம்தான்.

தனிக் கோடு போடுவதென்று முடிவெடுத்தால், சுவரின் இரண்டு முனையிலும் ஒரே தடிப்புள்ள மரத்துண்டை வைத்து, அதன்மேல் நூல் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையே எங்கே இடைவெளி மிகக் குறைவோ, அதுதான் சுவர் உள்ளே அதிகம் பிதுங்கிய இடம். கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தில் ஓர் அங்குலம் விடுவதா, 2 அங்குல நுரைப் பலகை ஒட்டுவதா என்பதை முதலே முடிவு செய்துகொண்டு, அதோடு கட்டையின் அகலத்தைக் கூட்டிக் கோடு போட வேண்டும். 2×4 என்று விற்கும் கட்டை உண்மையில் 1½ க்கு 3½ அங்குலம்; 4 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கோடு அரை அங்குலம் தள்ளிப்போகும்.

இன்னொன்று. எல்லாச் சுவரும் செங்கோணமாக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஃபர்னஸ் அறை, சாமான் வைக்கும் அறை, மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலை எல்லாம் கோணலாகப் போனாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. நிலத்தில் டைல் பதிக்கும் இடம், லாமினேட் பலகை ஓடும் பெரிய அறை, குசினி அலுமாரி வரும் மூலை, குளியல் தொட்டி இருக்கும் இடம், இந்த நான்கிலும்தான் மூலைமட்டம் உயிர். வழக்கமான தொட்டி 60 அங்குல நீளம். மூன்று பக்கமும் சுவருக்குள் செருகுவது. அங்கே பக்கச் சுவர் அரை அங்குலம் சரிந்திருந்தால், தொட்டி ஒரு முனையில் இறுகி மறு முனையில் பல் இளிக்கும்.

ஆகவே முதல் கோடு எது என்பதுதான் பெரிய தீர்மானம். பெரிய அறையின் மிக நீளமான, வாசலில் நின்றால் கண்ணுக்குப் படும் சுவரை அடிக்கோடாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் சுவரும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கப்பட வேண்டும். இரண்டாம் சுவரிலிருந்து மூன்றாவது, மூன்றிலிருந்து நான்காவது என்று சங்கிலியாகப் போனால், ஒவ்வொரு மூலையின் சிறு பிழையும் சேர்ந்து கடைசி மூலையில் தலைகாட்டும். நூல்காரர், லேசர்காரர் இருவருமே தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

3-4-5: மலிவு, ஆனால் பெரிதாகப் போட வேண்டும்

ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, கர்ணம் 5 அடி வந்தால் மூலை செங்கோணம். ஊரில் அத்திவாரம் வெட்டும்போது மேசன்மார் முளையடித்து நூல் கட்டிப் பார்ப்பதும் இதையேதான். கணக்கு பொய் சொல்லாது. டேப்பைப் பிடிக்கும் கைதான் சொல்லும்.

எவ்வளவு சொல்லும் என்று பார்ப்போம். 3-4-5 போடும்போது கர்ணத்தில் வெறும் 1/8 அங்குலம் பிசகினால், 20 அடிச் சுவரின் மறுமுனையில் அது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். அதே பிசகு 6-8-10 போட்டால் அரை அங்குலம். 9-12-15 என்றால் 1/3 அங்குலத்துக்குச் சற்று மேல். அறைக்குள் அடங்கும் மிகப் பெரிய முக்கோணத்தைப் போடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதன் காரணம் இதுதான். சின்ன முக்கோணத்தோடு திருப்திப்படுகிறவர்கள்தான் பிறகு "3-4-5 சரிவராது" என்று சொல்லித் திரிகிறவர்கள்.

டேப்பின் கொக்கியையும் கவனியுங்கள். அது ஆடுவது பழுது அல்ல. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் ஈடாக, கொக்கியின் தடிப்பு அளவுக்கு அசையும்படி வேண்டுமென்றே செய்தது. கோட்டிலிருந்து கோட்டுக்கு அளக்கும்போது கொக்கி எதிலும் மாட்டாது. அதனால் 1 அடிக் குறியைக் கோட்டின்மேல் வைத்து அளந்து, விடையில் 1 அடியைக் கழிப்பது நல்லது. மறு முனையில் இருப்பவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் கழித்து மற்றவர் கழிக்காமல் விட்டால் சுவர் ஓர் அடி தள்ளி நிற்கும்.

தரையில் கோடு விழச் சுண்டிவிடும், தூள் பூசிய சோக் நூலில் நீலத் தூள் நல்லது, துடைத்தால் போய்விடும். சிவப்புத் தூள் கொங்கிரீட்டில் ஊறிப்போய் நிற்கும், பிழையான கோடும் சரியான கோடும் பக்கம் பக்கமாகக் கிடந்து குழப்பும். நூலை விடுமுன் தரையைக் கூட்டுங்கள். இரண்டு முனையும் இழுத்துப் பிடித்தபின் நூலை நேர் மேலே தூக்கி விட வேண்டும், பக்கவாட்டில் இழுத்து விட்டால் கோடு வளையும். 15 அடிக்கு மேல் என்றால் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திக்கொள்ள, இரண்டு பக்கமும் தனித்தனியே விடுவது சுத்தமாக விழும். சரியென்று உறுதியான கோட்டின்மேல் கொஞ்சம் ஹேர்ஸ்ப்ரே அடித்துவிட்டால் கால் பட்டாலும் அழியாது.

லேசர்: எங்கே வெல்கிறது, எங்கே ஏமாற்றும்

லேசரின் உண்மையான பலம் செங்கோணத்தில் இல்லை. தரையில் உள்ள கோட்டை அப்படியே மேலே, மேல்தளத்தைத் தாங்கும் உத்தரமான ஜாய்ஸ்டுக்கு ஏற்றிக் காட்டுவதில்தான். நூல்காரர் இதற்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு ஜாய்ஸ்டாகக் குறிக்க வேண்டும். லேசரில் ஒரே பச்சைக் கோடு தரை, சுவர், ஜாய்ஸ்ட் எல்லாவற்றையும் சுற்றி ஓடும். தனியாக வேலை செய்கிறவருக்கு இது பெரிய வரம். வெயில் இல்லாத பேஸ்மென்டில் கோடு பளிச்சென்றும் தெரியும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். கடையில் கண்ணுக்கு முன்னால் தொங்கும் மலிவான லேசர், ஒரு படுகோடும் ஒரு நிலைக்கோடும் மட்டும் போடும். படம் மாட்டலாம், மூலைமட்டம் பார்க்க முடியாது. தரையில் ஒன்றையொன்று செங்கோணமாக வெட்டும் இரண்டு நிலைக்கோடுகள் போடும் வகைதான் இந்த வேலைக்கு வேண்டும். சுற்றிவர மூன்று தளம் போடும் லேசர் என்று கேட்டால் தருவார்கள். ஒரு பேஸ்மென்டுக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்தி.

பெட்டியில் 30 அடிக்கு 1/8 அங்குலம் என்ற மாதிரி ஒரு துல்லியம் அச்சிட்டிருக்கும். அது புதுப் பெட்டிக்குச் சொன்னது. படியில் ஒருமுறை உருண்ட லேசருக்கு அந்த வாக்கு செல்லாது, கோடு மட்டும் முன்போலவே அழகாக விழும். சோதிப்பது எளிது. தரையில் லேசரை வைத்து, நான்கு பக்கமும் கோடு விழும் இடத்தைச் சுவரில் குறியுங்கள். பிறகு இருந்த இடத்திலேயே கால் வட்டம் திருப்பி, ஒரு கோட்டைப் பக்கத்துக் குறியில் சேருங்கள். அடுத்த கோடும் அதற்கான குறியில் விழுந்தால் லேசர் நல்லது. விலகினால், அதன் கோணப் பிழை விலகியதில் பாதி. இன்னும் சந்தேகம் என்றால் 9-12-15 போட்டுப் பாருங்கள். கடைசியில் லேசருக்கும் சாட்சி சித்தப்பாவின் டேப்தான்.

கோட்டுக்கே ஒரு தடிப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. இடது விளிம்பில் குறிப்பதா, வலது விளிம்பிலா என்று முதலே முடிவெடுத்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

இருவர் இருந்தால், தரைத் திட்டத்துக்கு டேப்பும் சோக் நூலும், மேலே ஏற்ற லேசரும் என்பதே என் தேர்வு. ஒருவர் மட்டும் என்றால் முழுக்க லேசர், ஆனால் டேப்பில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு.

வேறு சில வழிகளும் உண்டு. தச்சரின் இரும்பு மூலைமட்டம் 24 க்கு 16 அங்குலம்தான். 2 அடியில் 1/16 பிசகினால் 20 அடியில் 5/8 ஆகிவிடும். கதவு வாய்க்கு அது சரி, அறைக்கு அல்ல. முழு ப்ளைவுட் பலகையின் ஆலை வெட்டு மூலை அதைவிட நம்பத்தக்கது, அவசரத்துக்கு உதவும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வந்தால் அறை சதுரம் என்று சிலர் நம்புவது பாதி உண்மை. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பார்க்க வேண்டும், இருசமபக்கச் சரிவகத்துக்கும் மூலைவிட்டம் சமமாகத்தான் வரும். அதோடு, அறை நடுவில் இரும்புத் தூண் நின்றால் மூலைவிட்டம் அளக்கவே முடியாது.

படுக்க வைத்து நிமிர்த்துவதா, நின்ற நிலையில் கட்டுவதா

கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் சுவர் எழும்பும்போது பிசகலாம். சுவரைத் தரையில் படுக்க வைத்து ஆணி அடித்து நிமிர்த்துவது வேகம். சுவரின் மேலும் கீழும் படுக்கும் கட்டையான பிளேட்டின் ஊடாக நேராக ஆணி போகும், நிற்கும் கட்டையான ஸ்டட் நகராது, படுத்திருக்கும்போதே மூலைவிட்டம் பார்த்துச் சட்டத்தைச் சதுரமாக்கலாம். நின்ற நிலையில் ஒவ்வொரு ஸ்டட்டாக வெட்டிச் சாய்வாக ஆணி அடித்தால், ஒவ்வோர் அடிக்கும் ஸ்டட் கோட்டிலிருந்து நழுவப் பார்க்கும்.

புது வீட்டு மேல்தளத்தில் முதல் வழிதான் ராஜா. பேஸ்மென்டில் நிலைமை வேறு. நிமிர்த்தும்போது சுவரின் மேல்மூலை ஜாய்ஸ்டில் இடிக்கும் என்று பலர் பயப்படுவார்கள். 8 அடிச் சுவருக்கு 3½ அங்குலத் தடிப்பால் கூடும் நீளம் வெறும் 1/16 அங்குலம், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை தரைதான். தண்ணீர் ஓடத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும், ஜாய்ஸ்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரே நீளத்தில் வெட்டிய சுவர் ஒரு முனையில் சிக்கி, மறு முனையில் தொங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு மேல் பிளேட்டை முதலிலேயே கோட்டுக்குச் சரியாக ஜாய்ஸ்டில் அடித்துவிடுங்கள். மிஞ்சும் உயரத்தை, தரை மிக உயர்ந்த இடத்தில் அளந்து, அதற்குக் கால் அங்குலம் குறைவாகச் சுவரைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். நிமிர்த்தி, அதன் கீழே தள்ளி, இடைவெளியில் ஆப்புச் செருகி ஆணி அடித்தால் முடிந்தது. கீழே இருப்பது மேல்வீட்டுப் பாரம் தாங்காத சுவர், ஆகவே ஆப்பு போதும். தரை அரை அங்குலத்துக்கு மேல் சரிந்தால் அந்தச் சுவரை மட்டும் நின்ற நிலையில் கட்டுங்கள்.

கொலராடோவில் டென்வர் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கேட்டுச் செய்ய வேண்டாம். அங்கே களிமண் ஈரம் குடித்து ஊதும், தரையே மேலெழும்பும். அதனால் சுவரை ஜாய்ஸ்டிலிருந்து தொங்கவிட்டு, கீழே இடைவெளி விடும் முறையே அங்கே வழக்கம்.

அடிப் பிளேட் கொங்கிரீட்டில் படுவது, ஆகவே ரசாயனம் ஏற்றிய கட்டை, அதன் கீழே நுரைப் பட்டி. துளை போடுமுன் தரைக்குள் சூடாக்கும் குழாய் ஓடுகிறதா என்று கேட்டறியுங்கள். ஸ்டட் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலம். முதல் குறி மட்டும் 15¼ இல் வர வேண்டும், அப்போதுதான் ட்ரைவோல் பலகையின் விளிம்பு ஸ்டட்டின் நடுவில் விழும்.

மரமா, தகரமா

மூலைமட்டத்தை மட்டும் பார்த்தால் தகரம்தான் முன்னே நிற்கிறது. கடையில் நேராக இருந்த மரக்கட்டை பேஸ்மென்டுக்கு வந்தபின் முறுகும். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வளைவைத் தூக்கிக் காட்டும் பக்கத்தை ஒரே திசையில் வைக்க வேண்டும். தகர ஸ்டட் முறுகாது, ஊறாது. கீழும் மேலும் ஸ்டட் செருகும் தகரத் தடத்தை லேசர் கோட்டில் திருகிவிட்டால் ஸ்டட் உள்ளே திரும்பி உட்காரும். கொஞ்சம் நீளம் குறைத்து வெட்டினாலும் தடத்தின் உதடு மறைத்துவிடும், சரிந்த தரைக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், மின்கம்பி போகும் ஒவ்வொரு துளைக்கும் பிளாஸ்டிக் வளையம் வேண்டும். வெளிச்சுவரில் தகரம் குளிரைக் கடத்தும் என்பதால், பின்னால் தொடர்ச்சியாக நுரைப் பலகை ஒட்டாமல் போட்டால் ட்ரைவோலில் ஈரக் கோடு தெரியலாம். அலுமாரி தொங்கும் இடத்திலும் கதவு வாயிலும் எப்படியும் உள்ளே மரம் வைக்க வேண்டும். நீளமான, கதவில்லாத சுவர்களுக்குத் தகரம், குசினிக்கும் குளியலறைக்கும் மரம் என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: மரம் 3½ அங்குலம், அதற்கு இணையாக விற்கும் தகரம் 3⅝. இரண்டும் ஒரே சுவரில் சந்தித்தால் அந்த 1/8 அங்குலப் படி ட்ரைவோலில் தெரியும். அதனால் பொருள் மாறும் இடம் மூலையில் வரும்படி கோடு போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.