பழைய பிளாஸ்டிக் ஜன்னலுக்கா, தரைப்பலகைக்கா?

கட்டடப் பொருள் விற்பவர்களின் விளம்பரத் தாள்களில் இப்போது தவறாமல் வரும் வரி, 'இத்தனை சதவீதம் மறுசுழற்சி'. அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் அமெரிக்காவின் டிரெக்ஸ் நிறுவனம் வீட்டு வெளித்தளங்களுக்குச் செய்யும் தரைப்பலகை எளிதில் ஜெயித்துவிடும். நிறுவனத்தின் கணக்குப்படி அதில் சுமார் 95 சதவீதம் பழைய பொருள்தான். பழைய ஜன்னலை அரைத்துச் செய்யும் ஜெர்மன் பி.வி.சி. ஜன்னல் சட்டம் பொதுவாக அந்த அளவை எட்டுவதில்லை. ஆனாலும் என் ஓட்டு ஜன்னலுக்கே.

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்திலுள்ள பெஹ்ரிங்கனில், ஜன்னல் சட்டம் செய்யும் வேகா நிறுவனத்தின் மறுசுழற்சி ஆலை 1993 முதல் இயங்குகிறது. வீடுகளில் கழற்றிய சட்டங்கள் ரப்பர், எஃகு, கண்ணாடித் துணுக்கு எல்லாம் ஒட்டியபடியே அங்கே அரவைக்குள் போகின்றன. எஃகைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். மற்றவற்றையும் பிரித்து நீக்கியபின் எஞ்சும் பி.வி.சி.யை உருக்கி, வலையில் வடிகட்டிக் குருணையாக்குகிறார்கள். புதிய சட்டத்துக்கு, பழைய குருணை நடுப்பகுதியாகவும் புதுப் பொருள் வெளித்தோலாகவும் ஒரே அச்சின் வழியே ஒன்றாகப் பிதுக்கப்படுகின்றன. வெயிலைத் தாங்கும் வேலை தோலுக்கு. அதற்கான டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி அங்கே இருந்தால் போதும். நடுவில் இருப்பது அழுக்குச் சாம்பல் நிறமானாலும் விறைப்பாக நின்றால் சரி. பழையதற்கு எந்த வேலை பொருந்துமோ அதை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வழியின் சங்கடம் ஈயம். அந்தக் கால பி.வி.சி., உருக்கும் சூட்டில் சிதையாமலிருக்க ஈய உப்புகள் சேர்க்கப்பட்டன. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 2015 முடிவுக்குள் அதைக் கைவிட்டார்கள். ஆனால் இன்று கழற்றப்படும் ஜன்னல்கள் அதற்கு முந்தியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி, பி.வி.சி. பொருட்களில் ஈயம் 0.1 சதவீதத்தை எட்டக்கூடாது என்கிறது. மீட்டெடுத்த கடின பி.வி.சி.யில் செய்யும் ஜன்னல் சட்டம் போன்றவற்றுக்கு மட்டும் 2033 மே வரை 1.5 சதவீதம் வரை சலுகை. குடிநீர்க் குழாய்க்குச் சலுகை கிடையாது. பிற பலஅடுக்குக் குழாய்களில் பழைய பொருள் நடு அடுக்கில், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். நஞ்சை இன்னொரு தலைமுறைக்குத் தள்ளிவிடுகிறோம் என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஜன்னல் சட்டங்களைப் புதைத்தாலும் எரித்தாலும் ஈயம் மறைந்துவிடாது. எங்கே இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வைத்திருப்பதே மேல்.

சூழலுக்கு ஏற்ற வடிவமைப்பு என்ற பெயரிலேயே இந்தச் சுற்றைக் கெடுக்கவும் முடியும். சட்டத்துக்குள் இருக்கும் எஃகு வெப்பத்தைக் கடத்துகிறது என்று அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை கலந்த சட்டங்கள் வந்திருக்கின்றன. குளிர்நாட்டு வீட்டில் சூடேற்றும் செலவு குறையும் என்பது உண்மை. எஃகையோ காந்தம் பிரித்துவிடும். பிளாஸ்டிக்கோடு உருகிக் கலந்த இழையை எந்தக் காந்தம் பிரிக்கும்? வெப்பக் கணக்கு, மறுசுழற்சிக் கணக்கு இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காத வடிவமைப்பாளர் பாதி வேலைதான் செய்கிறார்.

இனி தரைப்பலகை. கடைப்பை, சுற்றுத்தாள் போன்ற பாலிஎத்திலீன் படலங்களோடு மரத்தூள் கலந்து செய்வது. இந்த மெல்லிய படலங்களுக்குப் பழைய பொருள் சந்தையில் மதிப்புக் குறைவு. அவற்றை இந்த அளவுக்கு விழுங்கும் தொழில்கள் அதிகமில்லை. கரையான் அரிக்காது, ஆண்டுதோறும் வர்ணம் வேண்டாம். ஆனால் கட்டடத்தைத் தாங்கும் வலு அதற்கில்லை. அடியில் மரச் சட்டமோ எஃகோ வேண்டும். வெயிலில் நீளும் என்பதால் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். நண்பகலில் வெறுங்காலால் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும். எல்லாவற்றையும்விட, மரமும் பிளாஸ்டிக்கும் ஒருமுறை கலந்தால் கலந்ததுதான். அந்தப் பலகையை அரைத்து இன்னொரு பலகை செய்யலாம். பை செய்ய முடியாது.

மூன்றாவதாக, தாவர மூலத்திலிருந்து வந்ததாகக் கணக்கு எழுதப்படும் புது பி.வி.சி. இனோவின் நிறுவனத்தின் பயோவின் 2019இல் வந்தது. ஆலைக்குள் தாவர மூலமும் பெட்ரோலிய மூலமும் கலந்தே ஓட, தாவரப் பங்கு ஏட்டில் ஒதுக்கப்படுகிறது. மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் உப்பிலிருந்து வரும் குளோரின். மீதிக்கு ஆதாரமான எத்திலீன் எங்கிருந்து வந்தாலும் பழைய ஜன்னல் குப்பையாகக் கிடப்பதை அது மாற்றாது.

நம் ஊரில் வீடு கட்டுபவருக்கு இந்த ஒப்பீடு குழாய் வாங்கும்போதுதான் கைக்கு வரும். கழிவுநீர்க் குழாயில் நடு அடுக்கு பழைய பிளாஸ்டிக் என்று கடைக்காரர் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. தர முத்திரையைப் பார்த்து வாங்கலாம். குடிநீர்க் குழாய்க்குப் புதுப் பொருளையே கேளுங்கள். பி.வி.சி. குழாய்களில் ஈயம் பற்றி இந்தியா தனி விதி கொண்டுவந்ததே 2021இல்தான். அதற்கு முன் பதித்த குழாய்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காயலான் கடைக்கு வரும்போது, எதில் ஈயம் இருக்கிறது, எதில் இல்லை என்று தராசு சொல்லாது.