ஃபெண்டரா, ஆரஞ்சா?

வீட்டில் பேஸ் கிட்டார் பழக ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 என்ற இரண்டு ஆம்ப்களுமே (ஒலிபெருக்கிப் பெட்டிகள்) போதும். இரண்டும் 25 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் துளை.

ஆரஞ்சில் சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம். மிட் ஒலியில் (நடுத்தர ஒலியில்) எந்த அதிர்வெண்ணை ஏற்றி இறக்குவது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ரம்பிளில் அது கிடையாது. பதிலுக்கு, சும்மா ஒரு பொத்தானை அழுத்தினால் ஓவர்டிரைவ் கரகரப்பு வந்துவிடும். ராக் வாசிக்கிறவருக்கு அது ஜாலி.

மிகத் தாழ்ந்த ஒலி தரும் ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அதிர்வை 8 அங்குல ஸ்பீக்கரில் முழுசாக எதிர்பார்க்காதீர்கள். டிரம்ஸ் சேர்ந்தால் இரண்டும் அமுங்கிப் போகும். பட்ஜெட் இறுக்கம் என்றால், ட்யூனருக்காகவே நான் ஆரஞ்சை எடுப்பேன்.