அப்பாவோட சிபாப் மெஷினுக்கு வாங்குன 512 வாட் அவர் பவர் ஸ்டேஷன்

பவர் ஸ்டேஷன்னா பிளக் பாயிண்ட் வச்ச, கையில தூக்கிட்டு போற பெரிய பேட்டரி பெட்டி. பெட்டி மேல பெரிய எழுத்துல 1,60,000 எம்ஏஎச்னு போட்டிருப்பாங்க, அத பாத்து வாய பொளக்காதீங்க, பின்னாடி ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல வாட் அவர்னு (மொத்தம் எவ்ளோ கரண்ட் சேத்து வைக்கும்ங்கிற அளவு) இருக்கும் பாருங்க, கணக்கு அதுலதான். இது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல், ஒரு செல் 3.2 வோல்ட், 1,60,000த்த அதால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 512 வாட் அவர் வருது. அதுலயும் பேட்டரி கரண்ட வீட்டு கரண்டா மாத்துற உள்ள இருக்குற இன்வெர்ட்டர் தன் பங்க எடுத்துக்கும், பிளக் பாயிண்ட்ல கைக்கு வர்றது 430 பக்கம்தான். பிராண்ட் பேர் போடல, இதே பெட்டி வேற வேற ஸ்டிக்கர்ல ஆன்லைன்ல கிடைக்குது.

அப்பாவுக்கு தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிரச்சனை, மாஸ்க் வழியா காத்த அழுத்தி உள்ள விடுற சிபாப் மெஷின மாட்டிட்டுதான் படுப்பாரு. குலதெய்வம் கொல்லிமலைல, அங்க ராத்திரி கரண்ட் போனா எப்ப வரும்னு அந்த சாமிக்கே தெரியாது, அதனால ஒரு ராத்திரி முழுசா தாங்கணும், சத்தம் இருக்கக்கூடாது, இவ்ளோதான் எனக்கு தேவை.

சும்மா பிளக்ல சொருகி, காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபையரும் சூடாக்குற ஹீட்டட் டியூபும் ஆன்ல இருந்தா டிஸ்ப்ளேல 45 வாட் பக்கம் காட்டுது, அப்படியே விட்டா விடியற வரைக்கும் தாங்கும், அடுத்த ராத்திரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. அந்த ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு இன்வெர்ட்டர் இல்லாம நேரா பேட்டரி கரண்ட் வர்ற டிசி சாக்கெட் வழியா ஓட்டுனா பத்து பன்னெண்டு வாட்தான் இழுக்குது, மூணு ராத்திரி தாராளமா ஓடும்! ஆனா அப்பா மெஷின் 24 வோல்ட், இதுல இருக்குறது 12 வோல்ட் சாக்கெட், நடுவுல ஒரு கன்வெர்ட்டர் தனியா வாங்கணும், அத கடைக்காரங்க யாரும் வாய தொறந்து சொல்ல மாட்டாங்க. டிசில ஓட்டும்போது ஏசி (பிளக் பாயிண்ட்) பட்டன மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, எதுவும் சொருகலன்னாலும் இன்வெர்ட்டர் தன்னால சார்ஜ தின்னுக்கிட்டே இருக்கும்.

டிஸ்ப்ளே வெளிச்சம் கண்ணுல குத்துதுன்னு அம்மா மேல துண்டு போட்டு மூடிட்டாங்க, சைடுல இருக்குற காத்து ஓட்டை அடைபட்டு உள்ள ஃபேன் கொர்ர்னு கத்த ஆரம்பிச்சிருச்சு, எடுத்ததும் அடங்கிடுச்சு. மத்தபடி ராத்திரி சத்தமே இல்ல.

அத்தை ரைஸ் குக்கர் போடலாமான்னு கேட்டாங்க. இதோட இன்வெர்ட்டர் 500 வாட், குக்கர் 700, ஓவர்லோடு காட்டி கட் ஆயிடும். சமையல்தான் முக்கியம்னா ஆயிரம் வாட் அவருக்கு மேல, 1500 வாட் இன்வெர்ட்டரோட பாக்கணும், தூக்க பத்து பன்னெண்டு கிலோ இருக்கும், அதுக்கு ஒரு கேஸ் அடுப்பு தூக்கிட்டு போலாம்னு நான் சொல்லுவேன். பியூர் சைன் வேவ்னு (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா வர்றது) போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா டேபிள் ஃபேன் உறுமும்.

விலை கம்மின்னு பழைய என்எம்சி (இன்னொரு வகை லித்தியம்) செல் பெட்டி தலையில கட்டுவாங்க, அது வெயிட் கம்மிதான், ஆனா 500 சைக்கிள் (ஃபுல்லா ஏத்தி இறக்குறது ஒரு சைக்கிள்) சுமாருக்கே கெப்பாசிட்டி 80 சதவீதத்துக்கு இறங்கிடும். எல்எஃப்பி 3000 வரைக்கும் போகும்னு கம்பெனிங்க சொல்றாங்க. இது ஆறு கிலோ சொச்சம், அம்மாவே ஒரு கையில தூக்கிடுறாங்க.

அமெரிக்கால இருக்குற மச்சான் கொண்டு வர்றேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. ஃபிளைட்ல 160 வாட் அவருக்கு மேல எடுத்துட்டு வர விடமாட்டாங்க, வந்தாலும் அது 120 வோல்ட் பெட்டி, நம்ம ஊர் 230 வோல்ட் ஃபேன் அதுல ஒழுங்கா ஓடாது.

சென்னைல இருந்து கிளம்பும்போது கார் சாக்கெட்ல போட்டா 100 வாட் பக்கம் ஏறுது, மலை அடிவாரம் போறதுக்குள்ள ஃபுல். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில்லயே 70 தாண்டறது கஷ்டம், அதனால வாங்கல. சித்திரை வெயில்ல பூட்டுன காருக்குள்ள மட்டும் விட்டுட்டு போகாதீங்க, 45 டிகிரிக்கு மேல சார்ஜே ஏத்தாது. மாசக்கணக்குல சும்மா கிடக்கும்னா 60 பர்சன்ட்ல வச்சு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து பாத்துக்கோங்க.