வைசாக் நீர்மூழ்கிக் கப்பல் பார்க்கப் போகிறீர்களா? இந்த ‘பேக்கேஜ்’ ஆட்களிடம் மாட்டாதீர்கள்

வைசாக் ஆர்.கே. பீச்சில் நிற்கிற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க இந்த லீவில் யாராவது கிளம்புவதாக இருந்தால், டிக்கெட்டை அங்கேயே கவுண்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். லாட்ஜிலோ ஸ்டேஷன் வாசலிலோ லேமினேட் பண்ணின அட்டையை நீட்டிக்கொண்டு “எல்லா மியூசியமும் ஒரே பேக்கேஜ்” என்று வருகிறவர்கள் சகவாசமே வேண்டாம். எங்களிடம் தலைக்கு 650 ரூபாய் கறந்துவிட்டார்கள், நாங்கள் ஐந்து பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் சொன்னது இதுதான்: குர்சுரா, அதற்கு எதிரே இருக்கிற டியூ-142 என்கிற பழைய கடற்படை விமானம், அப்புறம் கைலாசகிரி மலை. மூன்றுக்கும் வண்டி, நுழைவுச்சீட்டு, கூட வர ஒரு கைடு, கியூவில் நிற்கவே வேண்டாம். மாமியாருக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, “எல்லாம் சமதளம்தாம்மா, வீல்சேரே போகும்” என்றார், அதுவும் தமிழில். தமிழ் பேசுகிற ஆள் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் குளிர்ந்துபோய் பேரம்கூடப் பேசவில்லை.

பீச் ரோட்டில் இறங்கி வாசலில் சீட்டைக் காட்டினால், அங்கிருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு இது எங்கள் டிக்கெட் இல்லையே என்கிறார். அப்புறம்தான் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தோம்: ‘சப்மரீன் - அவுட்சைட் வியூ’. அதாவது வெளியே நின்று பார்ப்பதற்குக் காசு! 91 மீட்டர் நீளத்துக்குக் கன்னங்கரேலென்று கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முழுசாகப் பார்க்கலாம், அதற்கு எதற்குய்யா சீட்டு? டிரைவரைக் கேட்டால் “நான் வண்டி ஓட்டறவன், எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன் போட்டால் அந்த ஆள் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கவுண்டரில் தனியாக டிக்கெட் வாங்கினோம், அது அவர் வாங்கினதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

கைடு என்று ஒரு பையன் வந்தான். 1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பலை இதே வைசாக் கடலில் மூழ்கடித்தது இந்தக் கப்பல்தான் என்று வாசலில் நின்றே அடித்துவிட்டான், என் பிள்ளை அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டது. உள்ளே சுற்றிக் காட்டியவர் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், தனிக்காசு எதுவும் கேட்கவில்லை. பிள்ளை அவரிடம் நோட்டைக் காட்டியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் போரில் குர்சுரா ரோந்து போனது அரபிக்கடலில், காஸி மூழ்கினது இந்தப் பக்கம், அதற்குப் பெயர் வாங்கினது ராஜ்புத் என்கிற வேறு கப்பல், பாகிஸ்தான்காரர்கள் அதையும் ஒத்துக்கொள்ளாமல் விபத்து என்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். நோட்டில் அடித்துத் திருத்தியாயிற்று.

கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1969-இல் சோவியத் நாட்டிலிருந்து வாங்கி, 2001-இல் ஓய்வு கொடுத்து, மறுவருஷமே மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் பாய்கிற டார்பிடோ குண்டை ஏவ முன்பக்கம் ஆறு குழாய், பின்பக்கம் நான்கு. குழாய்க்குப் பக்கத்திலேயே படுக்கை, குண்டோடு குண்டாகத் தூங்கியிருக்கிறார்கள் பாவம். 75 பேர் இருந்த இடமாம், எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கைவைக்கிற இடமெல்லாம் வால்வு, தலைக்கு மேலே குழாயாக ஓடுகிறது. சமதளமாவது வீல்சேராவது! படியேறித்தான் உள்ளே போக வேண்டும், அறைக்கு அறை தலையைக் குனிந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற வழி என்பதால் பாதியில் முடியவில்லை என்று திரும்பவும் முடியாது, பின்னால் கூட்டம் நிற்கும். மாமியார் என் தோளையும் அங்கே இருந்த கம்பியையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். முழங்கால் வலிக்காரர்கள் வெளியே இருந்து பார்ப்பதே உத்தமம், அதற்குத்தான் காசே கிடையாதே. (மாமல்லபுரத்துக்கே வாக்லி என்று இதே ரகக் கப்பல் ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள், 2010-இல் ஓய்வுபெற்றது. அது நடக்கவே இல்லை. இல்லாவிட்டால் நாங்கள் ஏன் வைசாக் வரை போகிறோம்.)

டியூ-142 விமானத்துக்கு டிக்கெட் தனி, அதுவும் அங்கேயே கிடைக்கிறது. நம் அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானதளத்தில் இருந்த விமானம் அது, 2017-இல் ஓய்வு கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயம், திங்கட்கிழமை குர்சுரா திறக்க மாட்டார்கள். அது தெரிந்தும் இதே ஆள் எங்கள் லாட்ஜில் இருந்த ஒரு சேலம் குடும்பத்துக்குத் திங்கட்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘அவுட்சைட் வியூ’ என்று போட்டுவிட்டால் பூட்டிக் கிடந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன! நாங்கள் சொன்னதால் அவர்கள் அட்வான்ஸ் 500 ரூபாயோடு தப்பித்தார்கள்.

லாட்ஜ் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பார்த்தோம். அவர் எங்கள் ஆள் இல்லை சார் என்று சத்தியம் பண்ணினார். அப்படியானால் அவருடைய அட்டைக் கட்டு உங்கள் மேசையில் ஏன் இருக்கிறது என்று மாமியார் கேட்டதும், சத்தமில்லாமல் அதை டிராயருக்குள் தள்ளிவிட்டு, பில்லில் 300 ரூபாய் குறைத்துக்கொண்டார். மிச்சப் பணம் வரவில்லை. நுகர்வோர் புகார் எண் 1915-இல் சொல்லியிருக்கிறோம், சீட்டையும் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள்.